பல்கலைக்கழக வளாகத்தில் குற்றங்களைக் கண்டறியும் தொழில்நுட்பத்தை நிறுவுதல்: முழுமையான வழிகாட்டி

வளாகப் பாதுகாப்புப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் நிர்வாக அலுவலர், பாதுகாப்பு அதிகாரி, விடுதிக் காப்பாளர், கணினி மையப் பொறியாளர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. கேமராக்களை முதலில் வாங்கிவிட்டு, அவை காட்டுவதைப் பார்க்கவும் பார்த்ததும் ஓடவும் ஆள் தேடுவது பல வளாகங்களில் நடக்கிறது. இங்கே அந்த வரிசை தலைகீழாக்கப்பட்டுள்ளது. எது, எங்கே, எப்போது நடக்கிறது என்ற கணக்கு முதலில் வருகிறது. யார் போய் நிற்பார் என்ற ஏற்பாடு அடுத்தது. பிறகு விதிமுறை, வெளிச்சம், கதவு. அதற்கும் பிறகுதான் கேமராவும் மென்பொருளும்.

தொடங்குவதற்கு முன் சில ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். மாடிகளையும் பின்வாசல்களையும் காட்டும் வளாக வரைபடம், ஒவ்வொரு வேளைக்கும் பணியிலிருக்கும் காவலர்களின் பட்டியல், ஏற்கெனவே நிறுவப்பட்ட கேமராக்கள், பூட்டுகள், நெட்வொர்க் இணைப்புகள் ஆகியவற்றின் விவரம், முடிவெடுக்கும் அதிகாரத்தை உங்களுக்கு அளிக்கும் எழுத்துபூர்வ ஆணை ஆகியவை அவை. கடைசியாகச் சொன்னது இல்லாமல் வேலையைத் தொடங்கினால், ஒவ்வொரு துறைத் தலைவரும் தத்தம் கட்டடத்துக்குத் தனித்தனியே கருவி வாங்குவதைத் தடுக்க உங்களால் இயலாது.

1. சம்பவங்களை வரைபடத்தில் குறித்தல்

கடந்த ஓராண்டின் சம்பவங்களையாவது ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும். காவலர் அறைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது. விடுதிக் காப்பாளரின் குறிப்பேடு, பாலியல் தொல்லைப் புகார்க் குழுவிடமிருந்து பெயர்கள் நீக்கிப் பெற்ற எண்ணிக்கை, நூலகத்தில் காணாமற்போன பொருள்களின் பட்டியல், கணினி மையத்துக்கு வந்த இணைய மோசடிப் புகார்கள் ஆகிய எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். இவை வெவ்வேறு அலுவலகங்களில் கிடப்பதால் எந்த ஒருவருக்கும் முழுப் படம் தெரிவதில்லை.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் என்ன நடந்தது, எங்கே நடந்தது, எந்த நேரத்துக்கும் எந்த நேரத்துக்கும் இடையில் நடந்தது, நமக்கு எப்போது தெரிந்தது என நான்கு விவரங்கள் எழுதப்பட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் நான்காவதை விட்டுவிடுகிறார்கள். மடிக்கணினி திருட்டு அன்றே தெரிந்துவிடும். தொல்லைக்கு ஆளான மாணவி வாய் திறக்கப் பல வாரங்கள் ஆகலாம். காட்சிப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கும்.

இந்த வரைபடம் பதிவான புகார்களைத்தான் காட்டுகிறது, நடந்த குற்றங்கள் அனைத்தையும் அல்ல. காவலர் நிற்கும் வாயிலில் புகார்கள் அதிகமாகவும், யாரும் எட்டிப் பார்க்காத பின்பாதையில் குறைவாகவும் இருப்பது இயல்பு. ஆகவே எந்த இடத்தை, எந்த நேரத்தில், ஏன் தவிர்க்கிறீர்கள் என்று மாணவர்களிடமும், இரவில் பணிபுரியும் துப்புரவு ஊழியர்களிடமும் பெயர் கேட்காமல் விசாரிப்பது அவசியம். ஆள் நடமாட்டமே இல்லாத பாதையில் புகார் இல்லாததைப் பாதுகாப்புக்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

2. எச்சரிக்கை வந்தால் யார் செல்வார் என்பதை முடிவு செய்தல்

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைவான விடுதிக்கும், ஆய்வகக் கட்டடத்தின் மேல்மாடிக்கும், வாகன நிறுத்தத்தின் கடைசி மூலைக்கும் காவலர் ஒருவரை நடக்கச் சொல்லி நேரத்தைக் குறிக்க வேண்டும். பகலில் ஒரு முறையும் நள்ளிரவுக்குப் பின் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும். இரவில் வாயில்கள் பூட்டப்படுவதால் பாதை நீண்டுவிடும், சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் அப்போதுதான் எழும்.

பிறகு ஒவ்வொரு வகை எச்சரிக்கைக்கும் ஒரு பொறுப்பாளரையும், அவர் இல்லாதபோது செயல்படும் மாற்றாளையும், எந்தக் கட்டத்தில் காவல் துறையையோ ஆம்புலன்ஸையோ அழைப்பது என்பதையும் ஒரே தாளில் எழுத வேண்டும். பொறுப்பாளர் பெயரை எழுத முடியாத எச்சரிக்கையை அமைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாரும் வராத அழைப்புப் பொத்தான் இல்லாத பொத்தானைவிட ஆபத்தானது. அதை நம்பி அழுத்தியவர், அந்த நேரத்தில் ஓடித் தப்பியிருக்கலாம்.

3. விதிமுறையை வாங்குவதற்கு முன்பே எழுதுதல்

எதற்காகப் பதிவு செய்கிறோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம், யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்போம் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி, மாணவர் பிரதிநிதிகளும் ஊழியர் பிரதிநிதிகளும் அமர்ந்த கூட்டத்தில் ஒப்புதல் பெற வேண்டும். கேமராக்கள் ஏறிய பிறகு விதி எழுதினால், ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதை நியாயப்படுத்தும் விதியாகத்தான் அது அமையும்.

கழிவறை, உடை மாற்றும் அறை, விடுதி அறையின் உட்புறம், மனநல ஆலோசனை மையத்தின் வாசல் ஆகியவை கேமராவின் பார்வைக்குள் வரவே கூடாது. ஆலோசனை மையத்தின் வாசலைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யார் உள்ளே போகிறார் என்று பதிவாகும் இடத்துக்கு உதவி தேவைப்படும் மாணவர் போகத் தயங்குவார். பொது இடத்தைப் பார்க்கும் கேமராவில் விடுதிச் சன்னல் விழுமானால், அந்தப் பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களின் அமைப்புகளிலேயே இருக்கிறது.

போராட்டத்தில் கலந்துகொண்டவர் யார், வகுப்புக்கு வராதவர் யார் என்று தேட இந்தப் பதிவுகள் பயன்படுத்தப்பட மாட்டா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். அப்படி ஒரு முறை பயன்பட்டாலே போதும், மாணவர்கள் புகார் தருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் தரும் தகவலைவிட நல்ல கண்டறியும் கருவி வளாகத்தில் வேறெதுவும் இல்லை.

4. வெளிச்சமும் செடிகொடிகளும்

இருட்டில் கேமரா வைப்பதற்கு முன் விளக்கு வையுங்கள். வெளிச்சத்தின் அளவைவிட அது சீராகப் பரவுவதே முக்கியம். ஒரே கம்பத்தில் கண் கூசும் விளக்கைப் பொருத்தினால், அதற்கு அப்பாலுள்ள இருள் மனிதக் கண்ணுக்கும் கேமராவுக்கும் இன்னும் கறுப்பாகவே தெரியும். நடப்பவரின் முகம் ஏறத்தாழப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து தெரிகிறதா என்று அந்தப் பாதையில் இரவில் நின்று பார்ப்பது எளிய சோதனை.

விளக்குக்கும் கேமராவுக்கும் குறுக்கே வளரும் கிளைகளை வெட்டும் பொறுப்பு தோட்டப் பிரிவுக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். இலை உதிர்ந்த பருவத்தில் பொருத்தப்பட்ட கேமரா, தளிர்விட்ட சில வாரங்களில் இலைகளை மட்டுமே பதிவு செய்துகொண்டிருப்பது அடிக்கடி காணப்படும் காட்சி.

5. கதவு, பூட்டு, நுழைவு அட்டை

எந்த மின்னணுப் பூட்டை வாங்கும் முன்பும், கதவைத் தானாக மூடவைக்கும் கருவி ஒவ்வொரு கதவிலும் ஒழுங்காக இயங்குகிறதா என்று பாருங்கள். கதவு நீண்ட நேரம் திறந்திருந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை, விடுதிகளுக்கு மிகப் பயனுள்ள கருவிகளில் ஒன்று. ஆனால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாத இடத்தில் அது இரவு முழுவதும் ஒலிக்கும். சில நாள்களில் காவலர் அதன் ஒலியை அடைத்துவிடுவார். அதன்பின் யாராவது கதவுக்குக் கீழே செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தாலும் தெரியாது.

மின்சாரம் நின்றால் பூட்டு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். வெளியேறும் பாதையில் உள்ள எந்தக் கதவும் அட்டையோ சாவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தீ எச்சரிக்கை ஒலித்தால் மின்காந்தப் பூட்டுகள் தாமாகவே விடுபட வேண்டும். திருட்டைத் தடுக்கும் ஆர்வத்தில் விடுதியின் பின்வாசலை இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுவது, திருட்டைவிடப் பெரிய ஆபத்தை வரவழைக்கும்.

அட்டைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் எண்ணை மட்டும் அனுப்பும் பழைய வகையைத் தவிருங்கள். அதைப் படியெடுக்கும் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன. மைஃபேர் கிளாசிக் என்ற நுழைவு அட்டை வகையின் மறையாக்கமும் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) 2008-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டது. ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் கொண்ட அட்டைகளைக் கேட்டு வாங்க வேண்டும். அட்டை படிக்கும் கருவி பழைய முறையையும் ஏற்றுக்கொள்ளும்படி விடப்பட்டிருந்தால் புதிய அட்டையால் பயனில்லை. மாறுதல் காலம் முடிந்ததும் பழைய முறையை அணைக்க மறப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நேரும் பிழை.

அட்டையின் ஆயுள் மாணவர் பதிவேட்டுடன் இணைக்கப்பட வேண்டும். படிப்பை முடித்தவர், இடைநின்றவர், பணியிலிருந்து விலகியவர் ஆகியோரின் அட்டைகள் தாமாகச் செயலிழக்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்களின் அட்டைகள்தாம் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. அவர்களின் பெயர்கள் பல்கலைக்கழகத்தின் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை என்பதால், அவர்களுக்குத் தரும் அட்டையிலேயே முடிவுத் தேதியை எழுதிவைப்பது நல்லது.

6. கேமராக்களை நிறுவுதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் கட்டம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், ஒவ்வொரு கேமராவும் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். ‘அங்கே ஆள் இருக்கிறாரா’ என்பது ஒரு கேள்வி. ‘அவர் யார்’ என்பது வேறு கேள்வி. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு இந்த வேறுபாட்டை எண்களில் சொன்னது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் (படத்தை உருவாக்கும் மிகச் சிறிய கட்டம்) கிடைத்தால் ஆள் இருப்பது தெரியும்; 125 கிடைத்தால் ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்லலாம்; முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250 வேண்டும்.

கணக்கு எளியது. 1920 பிக்சல் அகலமுள்ள படம் தரும் கேமரா, 250 பிக்சல் என்ற அளவில் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தை மட்டுமே காட்ட முடியும். அதே கேமராவை 40 மீட்டர் அகலமுள்ள வாகன நிறுத்தத்தைப் பார்க்கும்படி வைத்தால் மீட்டருக்கு 48 பிக்சல்தான் கிடைக்கும். யாரோ ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரியும். அவர் முகம் தெரியாது. படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்கள்தாம் பெரிதாகும். ஆகவே நிறுத்தத்துக்கு ஒரு அகன்ற காட்சியும், எல்லோரும் கடந்தே தீர வேண்டிய குறுகிய வாயிலில் ஒரு நெருங்கிய காட்சியும் வைப்பதே சிக்கனமான வழி.

உயரத்திலும் கவனம் தேவை. கல்லெறிக்கு எட்டாதிருக்க வேண்டும் என்று மிக உயரத்தில் பொருத்தினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். முகம் பார்க்க வேண்டிய கேமராவை இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்துக்குள், அடி தாங்கும் உறையுடன் பொருத்தலாம். வாசலை உள்ளிருந்து பார்க்கும் கேமராவில் வெளியொளி பின்னாலிருந்து வருவதால் முகம் கறுத்துப்போகும். வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியைச் சமன்செய்யும் வசதியுள்ள வகையை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டி எண்ணைப் படிப்பதற்கு முகம் பார்க்கும் கேமரா பயன்படாது. முகப்பு விளக்கின் கூச்சத்தைச் சமாளிக்கும் தனிக் கேமரா தேவை.

இரவுச் சோதனையை நடத்தாமல் பணி முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டாம். ஒருவர் பெரிய எழுத்துகள் எழுதிய தாளைக் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு இயல்பான வேகத்தில் வாயிலைக் கடக்கட்டும். பிறகு நேரலையைப் பாராமல், சேமிக்கப்பட்ட பதிவைத் திறந்து, முகமும் எழுத்தும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பொருத்தியவர் காட்டும் நேரலைப் படம் பளிச்சென்று இருக்கும். சேமிப்பிடத்தை மிச்சப்படுத்த அழுத்தப்பட்ட பதிவு அப்படி இருக்காது. மேலும், இருட்டில் படத்தை வெளிச்சமாக்க, கேமரா ஒளியை அதிக நேரம் உள்வாங்கும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடப்பவர், ஒரு நொடியின் 25-இல் ஒரு பங்கு நேரத்தில் ஆறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 250 பிக்சல் என்ற அளவில் அது 15 பிக்சல் அகலத்துக்குப் படம் இழுபட்டு மங்குவதாகும். நிற்பவரின் படம் தெளிவாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

திரும்பிச் சுழலும் கேமராக்களை விற்பவர்கள் ஆர்வத்துடன் காட்டுவார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அமர்ந்து அதை இயக்கினால் அது பயனுள்ளதே. ஆள் இல்லாத நேரத்தில், சம்பவம் நடக்கும் திசைக்கு எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பணம் குறைவாக இருந்தால் நிலையான கேமராக்களையே வாங்குங்கள்.

நேரம் ஒத்திருப்பது பலரும் பொருட்படுத்தாத, ஆனால் விசாரணையையே கவிழ்த்துவிடும் விஷயம். வாயில் கேமராவின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தியும், ஆய்வகக் கதவின் அட்டைப் பதிவு நான்கு நிமிடம் பிந்தியும் இருந்தால், பொருளுடன் ஒருவர் வளாகத்தை விட்டு வெளியேறியது 9.20-க்கு என்றும், ஆய்வகத்துக்குள் நுழைந்தது 9.05-க்கு என்றும் ஆவணங்கள் சொல்லும். பதினைந்து நிமிடம் அவர் உள்ளே இருந்தார் என்று விசாரணைக் குழு எழுதும். உண்மையில் நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும். அவரா, அதே பதினைந்து நிமிடத்தில் வந்துபோன வேறொருவரா என்ற குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எல்லாக் கேமராக்களும், பதிவுக் கருவிகளும், அட்டை சர்வரும் ஒரே நேரச் சர்வரிடமிருந்து என்டிபி முறையில் (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) நேரத்தைப் பெறும்படி அமைத்து, மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

சேமிப்பிடத்தைக் கணக்கிடாமல் ஹார்டு டிஸ்க் வாங்குவது அடுத்த பிழை. நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகமாகத் தேவை. 30 நாளுக்கு ஏறத்தாழ 1.3 டெராபைட், 100 கேமராக்களுக்கு 130 டெராபைட். இடம் போதாதபோது கருவி எந்த அறிவிப்புமின்றிப் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். முப்பது நாள் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த பதிவு பதினொரு நாள்தான் இருந்தது என்பது, பன்னிரண்டாம் நாள் புகார் வரும்போதே தெரியவரும்.

கம்பி வழியே மின்சாரமும் தரவும் சேர்ந்து செல்லும் கேமராக்களுக்கு, கேமராக்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் கருவியிலிருந்து 100 மீட்டருக்கு மேல் சாதாரண நெட்வொர்க் கேபிள் இழுக்க முடியாது என்பதையும், ஸ்விட்சுக்கும் பதிவுக் கருவிக்கும் மாற்று மின்சாரம் இல்லாவிட்டால் மின்தடையின்போது வளாகமே குருடாகிவிடும் என்பதையும் ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே எழுதிவிடுங்கள்.

7. கருவிகளையே காப்பது

பாதுகாப்புக் கேமராவும் ஒரு கணினிதான். 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருமளவில் கைப்பற்றி, இணையத் தாக்குதலுக்கு அடியாட்களாக்கியது. எனவே கடவுச்சொல் மாற்றப்படாத எந்தக் கருவியும் நெட்வொர்க்கில் இணைக்கப்படக் கூடாது. கேமராக்கள் மாணவர்கள் பயன்படுத்தும் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்ட தனிப் பிரிவில் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடியதாக எதுவும் இருக்கக் கூடாது.

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் ஒரே பயனர் பெயரைப் பயன்படுத்துவது வழக்கமாக இருக்கிறது; அதை முதல் நாளே நிறுத்துங்கள். ஒரு காட்சி கசிந்தால் யார் எடுத்தார் என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு கணக்கும், யார் எதைத் திறந்து பார்த்தார் என்ற பதிவும் இருந்தாக வேண்டும். மாணவிகளைப் பின்தொடர்ந்து பார்ப்பதற்கு அந்த அறையே பயன்படக்கூடும் என்பதை மறக்கலாகாது.

8. உதவி கேட்கும் வழிகள்

உதவிப் பொத்தான், கைப்பேசிச் செயலி, ஒரே அவசர எண், பெயர் சொல்லாமல் புகார் தரும் படிவம் ஆகிய நான்கும் வெவ்வேறு தேவைக்கானவை. செயலியை மட்டும் நம்புவது தவறு. புதிய மாணவர் அதை நிறுவியிருக்க மாட்டார்; பார்வையாளரிடம் அது இருக்கவே இருக்காது; அதற்குக் கைப்பேசி அணையாமல் இருக்க வேண்டும். அவசர எண்ணை அடையாள அட்டையின் பின்புறமும் ஒவ்வொரு மாடியிலும் அச்சிடுவது செலவில்லாத வேலை.

செயலி காட்டும் இருப்பிடம் கட்டடத்துக்குள் பிசகும். எந்த மாடி என்று பெரும்பாலும் சொல்லாது. வைஃபை இணைப்புப் புள்ளிகளுக்கு ‘வேதியியல் கட்டடம், இரண்டாம் மாடி, கிழக்கு’ என்பது போல இடத்தைச் சொல்லும் பெயர்களை வைத்து, செயலி எந்தப் புள்ளியுடன் இணைந்திருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டச் செய்தால், ஓடி வருபவர் எல்லா மாடிகளிலும் தேட வேண்டியதில்லை.

பெயரில்லாப் புகார்ப் படிவத்தில் நான்கைந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்த பிறகுதான் படிவம் திறக்கும் என்று அமைத்துவிட்டு, மேலே ‘உங்கள் பெயர் பதிவாகாது’ என்று எழுதுவதை யாரும் நம்ப மாட்டார்கள்.

9. அவசர அறிவிப்பை ஆயத்தமாக வைத்தல்

2007 ஏப்ரல் 16-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் வளாகத்தில் காலை 7.15 மணியளவில் விடுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் 9.26-க்குப் போனது, வகுப்பறைகளில் இரண்டாவது தாக்குதல் அதற்குச் சில நிமிடங்களில் தொடங்கிவிட்டது. அறிவிப்பு அனுப்பும் கருவியை வாங்கும் முன், நள்ளிரவில் யாருடைய அனுமதியும் கேட்காமல் அதை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. பணியிலிருக்கும் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளருக்கே அந்த அதிகாரம் இருக்க வேண்டும்.

என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அடங்கிய வாசகங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தமிழில் அனுப்புவதானால் ஒரு நுட்பம் கவனத்தில் இருக்கட்டும். குறுஞ்செய்தி ஆங்கில எழுத்துகளில் 160 இடங்களைக் கொள்ளும். தமிழ் எழுத்துகளில் 70 இடங்களே. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால் ‘தீ’ என்பதே இரண்டு இடம். ‘நூலகத்தில் தீ. உடனே வெளியேறவும். கிழக்கு வாயிலுக்குச் செல்லவும்.’ என்ற செய்தி 64 இடங்களில் அடங்கிவிடும். ‘மாணவர்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்’ என்று தொடங்கினால், என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாம் துண்டுக்குப் போய்விடும். நெரிசலான நேரத்தில் அந்தத் துண்டு தாமதமாக வரலாம்.

குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஒலிபெருக்கி, கணினித் திரை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வழிகளிலாவது ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஆபத்து நீங்கியது என்ற செய்தியையும் மறக்காமல் அனுப்புங்கள். அது வராவிட்டால் மாணவர்கள் மணிக்கணக்கில் அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடப்பார்கள்.

10. தானியங்கிப் பகுப்பாய்வு கடைசியில்

வேலி தாண்டுதல், மூடிய நேரத்தில் நடமாட்டம், கைவிடப்பட்ட பொருள் போன்றவற்றை மென்பொருள் கண்டு சொல்லும் வசதிகளில், முதலிரண்டும் ஆளில்லா இடங்களில் நன்றாகவே வேலை செய்கின்றன. இரவில் பூட்டப்பட்ட ஆய்வகக் கூடத்தில் அசைவு என்றால் அது செய்திதான். நூலக வாசலில் கைவிடப்பட்ட பை என்றால், ஒரு நாளைக்கு எத்தனை மாணவர்கள் பையை வைத்துவிட்டு தேநீர் குடிக்கப் போகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முக அடையாள மென்பொருளைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கைப் போடுங்கள். வாயிலில் நாளொன்றுக்கு 20,000 முறை ஆட்கள் கடக்கிறார்கள் என்றும், ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே மென்பொருள் தவறாகப் பொருத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 தவறான எச்சரிக்கைகள், மாதத்துக்கு 600. தடைசெய்யப்பட்டவர் ஒருவர் மாதம் ஒரு முறை வருவதாகக் கொண்டால், 601 எச்சரிக்கைகளில் ஒன்றுதான் உண்மை. மற்ற ஒவ்வொன்றிலும் தவறு செய்யாத ஒருவர் வாயிலில் நிறுத்தப்படுகிறார். அந்தப் பிழைகளும் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்களை ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் ஆராய்ந்தபோது, கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 விழுக்காடு வரையிலும், வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சமாக 0.8 விழுக்காடுமே இருந்தது. வளாகத்துக்கு இந்த மென்பொருள் தேவையில்லை என்பதே என் பரிந்துரை. அந்தப் பணத்துக்கு இரவுக் காவலர்களை அமர்த்தலாம்.

எந்தப் பகுப்பாய்வையும் முதலில் ஒரே கட்டடத்தில், எச்சரிக்கையைக் காவலருக்கு அனுப்பாமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் சில வாரங்கள் ஓடவிட்டு, எத்தனை எச்சரிக்கைகள் உண்மை என்று எண்ணிப் பார்த்த பிறகே விரிவாக்குங்கள்.

11. பதிவைச் சான்றாகக் காத்தல்

புகார் வந்த அந்த மணியிலேயே, தொடர்புடைய எல்லாக் கேமராக்களின் பதிவையும், சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை, அழியாதபடி தனியே ஒதுக்க வேண்டும். விசாரணைக் குழு கூடி ஆணையிடட்டும் என்று காத்திருந்தால், பதிவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

கட்டுப்பாட்டு அறைத் திரையைக் கைப்பேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தடை செய்யுங்கள். அதில் படத்தின் தரமும் மூலக்கோப்பின் தகவல்களும் போய்விடும். பாதிக்கப்பட்டவரின் முகம் ஊரெங்கும் பரவும் ஆபத்தும் உண்டு. கருவி தரும் மூல வடிவிலேயே கோப்பை எடுத்து, அதற்கு எஸ்எச்ஏ-256 முறையில் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு, எடுத்தவர் பெயர், நேரம், கருவியின் கடிகாரப் பிசகு ஆகியவற்றுடன் எழுதி வைக்க வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடுவதால், பின்னாளில் யாரும் திருத்தவில்லை என்று காட்ட முடியும். நகல் கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவரும் பெற்றவரும் கையெழுத்திட வேண்டும். நாட்டுக்கு நாடு மின்னணுச் சான்றுக்கான சட்டம் வேறுபடுவதால், தேவைப்படும் சான்றிதழின் படிவத்தைச் சட்ட ஆலோசகரிடமிருந்து முன்பே பெற்று அறையில் வைத்திருங்கள்.

12. தொடர்ந்து சோதித்தல்

மாதந்தோறும் ஒவ்வொரு உதவிப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது என்று குறியுங்கள். அட்டைப் பட்டியலில் மூன்று மாதமாகப் பயன்படாத அட்டைகளை நீக்குங்கள். பருவத்துக்கு ஒரு முறையாவது, முன்னறிவிப்பின்றி இரவு நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தி, காவலர் வந்து சேரும் நேரத்தை இரண்டாம் படியில் குறித்த நேரத்துடன் ஒப்பிட வேண்டும்.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொள்ளாதீர்கள். புதிய புகார் வழிகள் திறந்த முதல் ஆண்டில் பதிவாகும் சம்பவங்கள் உயரவே செய்யும்; முன்பு சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது அதன் காரணமாக இருக்கலாம். இதை ஆட்சிமன்றக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது. இல்லையேல், ஆண்டறிக்கையில் உயர்ந்த எண்ணைக் கண்டு அவர்கள் முதலில் கேட்பது புகார்ப் படிவத்தை மூடிவிடலாமா என்பதாக இருக்கும்.